அழுத்தம் தளரும் வேளை



தென்மேற்குப் பருவமழை பாலக்காட்டில் பெய்யும் நாட்களில், எலப்புள்ளி வயல்களில் நனைந்து பாடுபடுவோரின் கைக்கடிகாரம் சில வேளை உட்புறம் ஆவி படிந்து மங்கிவிடும். பின்மூடியிலோ நீர் புகாது என்று பொறித்திருக்கும். பொறிப்பு பொய்யன்று; செய்த நாளில் அது மெய்யே. ஆனால் மூடிக்கு அடியிலுள்ள ரப்பர் வளையம் நாளடைவில் விறைத்து வெடிப்புற்றுவிடுகிறது.

இக்கசிவை அறியப் பழைய பட்டறைகளில் ஒரு கருவி உண்டு. உள்ளிருப்பது வெளியே தெரியும் கெட்டியான உருளை, அதில் பாதியளவு நீர், காற்றடைக்கக் கைப்பம்பு, அழுத்தம் காட்ட ஒரு மானி. கடிகாரத்தை நீருக்கு மேலே தொங்கவிட்டு, உருளையை இறுக மூடி, 3 வளிமண்டல அளவுக்குக் காற்றை அடைப்பர். வளையம் பழுதாயின் அக்காற்று கடிகாரத்தினுள் புகும். கண்ணுக்கோ ஒன்றும் புலப்படாது. சில நிமிடம் பொறுத்துக் கடிகாரத்தை நீரில் இறக்கி, அழுத்தத்தை மெல்லத் தளர்த்துவர். அப்போதுதான் உட்புகுந்த காற்று குமிழிகளாய்ச் சரஞ்சரமாக வெளிவரும். கண்டவுடன் கடிகாரத்தை மேலே தூக்கிவிட வேண்டும். தாமதித்தால் காற்று போன வழியே நீர் நுழையும்.

இதில் நாம் ஊன்றி நோக்க வேண்டியது யாதெனில், பழுதானது அழுத்தம் ஏறும்போது தெரிவதில்லை, தளரும்போதே தெரிகிறது.

சாதியின் அழுத்தத்தை நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாகத் தாங்கினர். 1927 மார்ச் 20-இல் மகாடு குளத்தில் ஒரு கை நீர் அள்ளிப் பருகுவதற்கே பாபாசாகேப் அம்பேத்கர் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. அவ்வழுத்தம் பழங்கதையுமன்று. இதே பாலக்காட்டு மாவட்டத்து முதலமடையில், கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனியின் அருந்ததியர் குடும்பங்கள் தங்கள்மீது தீண்டாமை காட்டப்படுவதாக 2017-இல் முறையிட்டன.

ஆனால் நம்முள் ஒருவருக்கு உத்தியோகம் கிடைக்கிறது, ஓட்டுவீடு மாடிவீடாகிறது, அழுத்தம் சிறிது தளர்கிறது. மகளுக்கு வரன் பார்க்கும் வேளையில், "அவர்கள் எந்தப் பிரிவு?" என்று நம் வாயே கேட்கிறது. நம்மினும் தாழ்த்தி வைக்கப்பட்டோர் வீட்டில் தண்ணீர் வாங்கிப் பருக நம் கையே தயங்குகிறது. நம்மை நெரித்த அதே காற்றன்றோ இது! நாம் அறியாமலே அது உள்ளே புகுந்திருந்தது. 1956 அக்டோபர் 14-இல் நாகபுரியில் ஏற்கப்பட்ட 22 உறுதிமொழிகளுள் மனிதர் யாவரும் சமமென நம்புவதும் ஒன்று. பௌத்தர் என்னும் பெயர் நம் பின்மூடியின் பொறிப்பு, வளையமோ இவ்வுறுதிமொழி.

மனமாசுகளுக்குப் பாலி மொழியில் ஆசவம் என்று பெயர். ஒழுகுதல் என்பதே அச்சொல்லின் கருத்து. அவற்றை நீக்கும் வழிகள் ஏழினை மச்சிம நிகாயத்தின் இரண்டாம் சூத்திரத்தில் பகவான் போதிக்கிறார். அவற்றுள் முதலாவது, காணுதல். பட்டறைக் கருவியும் பழுதை நீக்குவதில்லை; காட்டுகிறது. கண்டபின் வளையத்தை மாற்றுவது நம் கையில் உள்ளது.

ஒரு தெளிவும் வேண்டும். நீரில் இறக்கியவுடன் கடிகாரத்தின் மேற்புறத்தில் சில குமிழிகள் ஒட்டி நிற்கும். அவை கசிவல்ல, தட்டினால் அகன்றுவிடும். ஓரிடத்திலிருந்தே விடாது எழுவதுதான் கசிவு. அங்ஙனமே ஒருவர் வாய்தவறிக் கூறிய ஒரு சொல்லைக் கொண்டு அவரைக் கெட்டவரென்று தள்ளிவிடலாகாது. கசிவு கண்ட கடிகாரத்தையும் எவரும் குப்பையில் எறிவதில்லை. நீர் புகுமுன் தூக்கியெடுத்துப் பழுது பார்க்கின்றனர். நம் சகோதரரிடத்தும் நம்மிடத்தும் அவ்வளவு பரிவேனும் காட்டுவோமாக.

வளையம் ஒருமுறை மாற்றினால் என்றென்றைக்கும் போதாது. ஆகையால் ஒவ்வொரு பௌர்ணமி உபோசத நாளிலும் சீலங்களை ஏற்றபின் சற்றே அமர்ந்து, "இம்மாதம் எனக்கு எங்கே வசதி கூடியது? அங்கே நான் யாரைத் தாழ்வாக நோக்கினேன்?" என்று நம்மை நாமே வினவுவோம். குமிழி எழுமாயின் நாண வேண்டா. காலத்தே கண்டோமென மகிழ்ந்து, அன்றே சீர்செய்வோம்.

நமோ புத்தாய!