வாயிலில் எழுதும் உரிமை

கணனியொன்றினுட் புகுவோர் தம் பெயரையும் கடவுச்சொல்லையும் அளித்தபின், வேலை தொடங்குமுன், திரையிற் சில வரிகளைக் காண்பர். வரவேற்பாகவோ அறிவித்தலாகவோ அமையும் அவ்வரிகளை வேண்டியவாறு மாற்றியமைத்தல் எளிது. யுனிக்ஸ் வழிவந்த கணனிகளில் ஒரு சிறு கோப்பைத் திருத்தினாற் போதும். எளிதாயிருப்பதனாலேயே இதில் அறவியல் சார்ந்த வினா எதுவுமில்லை எனக் கருதப்படுகின்றது. ஆயினும் யார் எழுதலாம், யார் படிக்கவேண்டும் என்று கேட்கத் தொடங்கியதும் இது வாயிலைப் பற்றிய வினா என்பது புலனாகும். வாயில் என்பது யாது என மலையகத்தார்க்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

தலவாக்கலையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களின் லயங்களில், பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான காம்பராக்களிற் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்துள்ளன. காம்பரா தோட்டத்துக்குரியது, அதில் வாழ்வோர்க்குரியதன்று. எனினும் பொங்கலன்று அதன் வாசலிற் கோலமிட எவரும் எவரிடமும் அனுமதி கேட்பதில்லை. சுவரும் கூரையும் பிறருடையவை. வாசலின் முகம் மட்டும் வாழ்பவருடையது. அதே மக்கள் வேலை நாள்தோறும் கடந்து செல்லும் இன்னொரு வாயில் பிரட்டுக்களம். அங்கே பெயர் செக்ரோலிற் பதியப்படும். இன்று எந்த மலையிற் கொழுந்தெடுப்பது என்பதும் சொல்லப்படும். கோலத்தைக் காணாதவர்போற் கடந்து போகலாம். பிரட்டிற் சொல்லப்படுவதைக் கேளாமல் மலைக்குப் போக இயலாது.

கணனியின் வாயிலில் இவ்விரண்டும் உள்ளன. ‘அன்றைய செய்தி’ என வழங்கும் பொதுக்கோப்பை நிருவாகி மட்டுமே எழுத முடியும். புகுவோர் அனைவர்க்கும் அது காட்டப்படும். அதனோடு ஒவ்வொருவர்க்கும் தத்தம் அடைவில் ஒரு தொடக்கக் கோப்பு உண்டு. அதில் அவர் எதையும் எழுதி வைக்கலாம். அது அவர்க்கு மட்டுமே தோன்றும். முன்னது பிரட்டு, பின்னது கோலம். இவற்றுக்கு மேலாக, இவ்வமைப்பை ஆக்கியோர் மூன்றாவதாக ஒன்றையும் வைத்தனர். குறித்த பெயரிலே ஒரு வெற்றுக்கோப்பைத் தம் அடைவில் வைப்பவர்க்குப் பொதுச்செய்தி காட்டப்படுவதில்லை. அக்கோப்பினுள் ஓரெழுத்தும் வேண்டியதில்லை. அது இருந்தாற் போதும். கேளாதிருக்கும் உரிமையை இத்துணைச் சுருக்கமாக வழங்கிய பிறிதோர் ஏற்பாட்டைக் காண்பது அரிது.

அவ்வுரிமை எல்லையற்றதா? 1992ஆம் ஆண்டில், கணனி நிருவாகிகள் பயனரின் விசையழுத்தங்களைப் பதிவு செய்வதாயின் அதனை வாயிலிலேயே அறிவித்துவிட வேண்டுமென்ற கருத்தை அமெரிக்க நீதித் திணைக்களம் முன்வைத்தது. இத்தகைய அறிவித்தலை ‘அன்றைய செய்தி’யில் இடுவோர் பலர். அது பிழை. அச்செய்தி தோன்றும்போது புகுபவர் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டார். ‘உன்னைக் கண்காணிக்கிறோம்’ என்பதை உள்ளே வந்தபின் சொல்வது எச்சரிக்கையாகாது. பெயர் கேட்கப்படுமுன் தோன்றும் வேறொரு கோப்பு உண்டு. வெற்றுக்கோப்பினால் அதனை அடக்கவியலாது. திரும்பிச் செல்ல இடமுள்ளபோது சொல்லப்படுவதே எச்சரிக்கை. எனவே, மறைத்தாற் புகுபவர்க்குத் தீங்கு நேரக்கூடியதை வாயிலுக்கு வெளியே வைத்தலும், எஞ்சியவற்றை அவர் விரும்பினால் அடக்கிக்கொள்ள விடுதலும் நியாயமாகும்.

எல்லோரும் படித்தே தீரவேண்டிய இடம் எத்துணை ஆபத்தானது என்பதற்கு ஒரு பழைய நிகழ்ச்சி சான்று. 1960களில் மசாசுசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் காலப்பகிர்வுக் கணனியில் ஒரு பிற்பகல் புகுந்தோர்க்கு, அன்றைய செய்திக்குப் பதிலாக அனைவரின் கடவுச்சொற்களும் அச்சிடப்பட்டன. ஒரே வேளையில் இரு நிருவாகிகள் இரு கோப்புகளைத் திருத்தியதும், திருத்தும் நிரல் இரண்டுக்கும் ஒரே தற்காலிகப் பெயரைப் பயன்படுத்தியதுமே காரணம். அவ்வமைப்பை உருவாக்கிய கொர்பாட்டோ, 1991இல் வெளியான தமது டியூரிங் பரிசுச் சொற்பொழிவில் இதனைக் குறிப்பிட்டுள்ளார். கணனியாளர் இதனை வேடிக்கையாகவே சொல்லி வருவர். ஆனால் அன்று புகுந்தவர்கள் பிறர் இரகசியத்தைத் தேடிச் சென்றவர்களல்லர். வாயில் அவர்களை அதன் வாசகராக்கிவிட்டது.

இனி, தலவாக்கலை போன்றதொரு நகரில் பலரும் ஒரே கணக்கிற் புகும் பொதுக்கணனி ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். 2000களின் நடுப்பகுதியில் தொடங்கி நாடெங்கும் நெனசல நிலையங்கள் நிறுவப்பட்டபின் இத்தகைய கணனி புதுமையன்று. ஒரு மாணவி தன் விருப்பத்துக்குரிய படத்தையும் தமிழ் வாழ்த்தையும் முகப்பில் இடுகிறாள். மறுநாள் சிங்கள மாணவன் ஒருவன் அதனை அகற்றித் தன்னுடையதை இடுகிறான். இங்கே கோலமே பிரட்டாகிவிட்டது. எவரும் எதையும் மாற்றலாகாதெனத் தடுத்து, தொழிற்சாலையிலிருந்து வந்த முகத்தை விட்டுவைப்பதே நடுநிலை என்பர் சிலர். அம்முகம் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுவது. 1956இல் ஒரு மொழி மட்டும் அரசகரும வாயிலில் நின்றதையும், தமிழும் ஆட்சிமொழியென்ற நிலை 1987இன் பதின்மூன்றாம் திருத்தத்தினாலேயே கிட்டியதையும் அறிந்த நாட்டில், மாற்றாது விடுதலை நடுநிலையென்று கொள்ளல் பொருந்தாது. எழுத்துருவின் வரையறையும் உண்டு: லினக்சின் வெற்றெழுத்துத் திரை ஏறத்தாழ ஐந்நூறு வடிவங்களையே தாங்கும், தமிழின் உயிர்மெய்களை அதில் இணைத்துக் காட்டல் இயல்வதன்று. எழுதும் உரிமை இருந்தும் எழுத்து வராத வாயில் அது.

இவையெல்லாம் மேற்பரப்பு அலங்காரம் பற்றிய வீண்வாதம் என்பாரும் உளர். முகத்தை மாற்ற விடுவது உடைமையை மறுப்பதற்கான இனிய வழி என்பது அவர் கருத்து. அக்கருத்தில் வலுவுண்டு. லயங்களில் வாழ்வோரிற் பெரும்பாலானோர்க்குக் காணியுறுதி இன்றும் கைவரவில்லை; கோலத்தைக் காட்டி அக்குறையை ஈடுசெய்ய எவராலும் முடியாது. ஆனால் கோலமிடும் பெண் அதனை உறுதியென்று மயங்கியதுமில்லை. ஈடாகாது என்பதனால் கோலம் வேண்டாவென்று சொல்லும் உரிமை, அக்காம்பராவில் வாழாதவர்க்கு எங்கிருந்து வந்தது?

ஆதலின் தனிக்கணக்கு உள்ளவிடத்து அவரவர் முகப்பை அவரவரிடமே விட்டுவிடுக. ஒரே கணக்கைப் பலர் பகிரும் கணனியில், நிலையம் மூடப்படும் நேரமும் உதவி கேட்கவேண்டியவர் பெயரும் தமிழிலும் சிங்களத்திலும் இருந்தாற் போதும். பதிவு வைக்கப்படுகின்றதா என்ற வரி மட்டும் பெயர் கேட்கப்படுமுன் வரவேண்டும்.