சொல்லாமலே சோதிக்கட்டும்!

சுவிட்சர்லாந்தின் வில் நகரத்துத் தமிழ்த் தம்பியே, தங்கையே! வீட்டு நிலவறைக்கு ஒருமுறை இறங்கிப் பார். மின்மானிக்குப் பக்கத்தில் ஒரு சிறு பெட்டி இருக்கலாம். மின்கம்பி வழியாகவே வரும் சில நூறு ஹெர்ட்ஸ் சமிக்ஞையைக் கேட்டு, வெந்நீர்த் தொட்டியை அணைத்து ஏற்றும் பெட்டி அது. பல பத்தாண்டுகளாக சுவிட்சர்லாந்து மின்தேவையில் ஒரு பங்கை இப்படித்தான் இரவுக்குத் தள்ளிவருகிறது.

"என் ஒரு வீட்டால் என்ன ஆகிவிடும்?" இந்தப் பேச்சை இன்றோடு விடு! 2022 செப்டம்பர் 6 மாலை, கலிபோர்னியா இருளின் விளிம்பில் நின்றது. மின்சாரத்தைக் குறைக்கச் சொல்லிக் கைபேசிகளுக்கு ஓர் அவசரச் செய்தி போனது. சிறிது நேரத்தில் ஏறக்குறைய 2,000 மெகாவாட் தேவை இறங்கியது. இறக்கியவற்றில் உன் வீட்டைப் போன்ற வீடுகளும் உண்டு.

ஆனால் அதே செய்தியை இருபதாவது முறை அனுப்பினால் எத்தனை பேர் எழுந்து விளக்கை அணைப்பார்கள்? மின்வலையைத் திட்டமிடுகிறவரின் கேள்வி இது. கைதட்டலுக்கு அவர் மயங்கமாட்டார். பெட்டி அணைக்கும் தொட்டிகளையும் அவர் அப்படியே பார்ப்பார். ஆயிரம் தொட்டிகள், ஒவ்வொன்றும் 4 கிலோவாட் என்று வைத்துக்கொள். காகிதத்தில் 4 மெகாவாட். மாலை ஏழு மணிக்கு அவற்றில் கால்வாசிதான் ஓடிக்கொண்டிருந்தால், கிடைப்பது 1 மெகாவாட். ஓடாத தொட்டியை அணைத்து என்ன லாபம்? பழைய பெட்டிகள் பதில் சொல்வதுமில்லை. கட்டளை போய்ச் சேர்ந்ததா என்பதே தெரியாது. தடையை நீக்கியதும் எல்லாத் தொட்டிகளும் ஒரே நேரத்தில் சூடேறத் தொடங்கினால், புதிதாக ஓர் உச்சம் எழும். வருகிறேன் என்றவர்களை நம்பி இலை போடாமல், போன பந்தியில் உட்கார்ந்தவர்களை எண்ணுகிற கல்யாணச் சமையல்காரரைப் போல, அவர் தலையை எண்ணித்தான் உலை வைப்பார்.

நான்கு என்று சொன்னதை ஒன்று என்று எழுதிவிட்டாரே என்று முகம் சுளிக்காதே. நிரூபித்த அந்த ஒன்றை நம்பித்தான் புதிய மின்மாற்றி வாங்குவதைத் தள்ளிப்போட முடியும். நம் தன்னம்பிக்கை மேடைகளில் நான்கு, நாற்பது, நாலாயிரம் என்றுதான் முழங்குகிறோம். கணக்கு கேட்க அங்கே ஒருவரும் இல்லை!

கேட்காமல் அணைப்பது எப்படி இருக்கும்? 2022 மார்ச் 31 உனக்கு மறந்திருக்காது. இலங்கையில் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு. யாழ்ப்பாணத்துச் சொந்தங்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை, இழுத்து அணைத்தார்கள். முன்கூட்டிக் கேட்டு, ஒப்புக்கொண்டவர்களைச் சோதித்து, அளந்து வைத்திருக்கும் ஊரில், உச்ச நேரத்திலாவது அப்படி இழுத்து அணைக்கும் தேவை குறையும்.

ஆகவே ஒளியாதே, அளவுகோலுக்கு முன்னால் வந்து நில்! இங்கே மின்தொழில் பயில்கிறாயா? அந்தக் கணக்கைப் போடும் மேசை உனக்கும் உரியது, விண்ணப்பம் எழுது. அணைத்த வீடுகளையும் அணைக்காத வீடுகளையும் அருகருகே வைத்து ஒப்பிடக் கற்றுக்கொள். வெறும் வாடிக்கையாளர்தானா? அப்படியானால் உன் ஊரின் மின்வழங்கு நிறுவனமான டெக்னிஷே பெட்ரீபே வில்லிடம் கேள்: "என் தொட்டியைத் தருகிறேன். ஜனவரிக் குளிரில், மாலை ஏழு மணிக்கு, முன்னறிவிப்பே இல்லாமல் அணைத்துப் பார்க்கிறீர்களா?"