வேண்டாம் என்பதற்கு என்ன விலை?

குளச்சலுக்குப் போனால் சித்தி வீட்டில் சாப்பிடாமல் ஊர் திரும்ப முடியாது. சாப்பாடு என்றால் மீன். அந்த மீனையும் சித்தியே சந்தைக்குப் போய், செவுளைத் தூக்கிப் பார்த்து, விரலால் அழுத்திப் பார்த்து, கொஞ்சம் சண்டையும் போட்டுத்தான் வாங்கி வருவார். சில வருஷங்களுக்கு முன் ஒருமுறை பையைத் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போனேன்.

சாக்கை விரித்து மீனைக் கூறு கூறாக வைத்திருந்தார்கள். ஒரு கூறில் நாலு அயலை, ஒரு கை சாளை, ஓரமாக ரெண்டு நண்டு. (சென்னைக்காரர்களுக்கு: அயலை என்றால் கானாங்கெளுத்தி, சாளை என்றால் மத்தி.) கூறு நூறு ரூபாய்.

"நண்டும் வேண்டாம், சாளயும் வேண்டாம். அயல மட்டும் எவ்வளவு?" என்றார் சித்தி.

"அயல மட்டும்னா எழுவது தாங்கக்கா."

பேரம் பேசி அறுபதுக்கு முடிந்தது. இதில் என்ன பெரிய அதிசயம் என்கிறீர்களா? இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள்.

2019 பிப்ரவரி ஞாபகம் இருக்கிறதா? எந்த சேனல் வேண்டுமோ அதை மட்டும் தேர்ந்தெடுங்கள், அதற்கு மட்டும் காசு கொடுங்கள் என்று ட்ராய் ஆணை போட்டு, நாடு முழுக்க கேபிள் வீடுகளில் பட்டியலும் பேனாவுமாக உட்கார்ந்திருந்த மாதம். சித்தியும் உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்றே மூன்று சேனல்களுக்கு வட்டம் போட்டார். சீரியலுக்கு ஒன்று, பழைய படத்துக்கு ஒன்று, பேரனுக்கு கார்ட்டூன் ஒன்று.

கேபிள்காரத் தம்பி கூட்டிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "அம்மா, இந்த மூணையும் தனித்தனியா எடுத்தா அம்பத்தஞ்சு ரூவா ஆகுது. இதே மூணோட இன்னும் ஏழு சேனல் சேர்ந்த பேக்கேஜ் நாப்பதுதான். பேசாம பேக்கேஜ் எடுங்க, அதுதான் லாபம்."

சித்தி கண்ணாடியைக் கழற்றினார். "கூறுல இருந்து மீன எடுத்தா வெல கொறையும். நீ சேனல எடுத்தா வெல கூடுங்க. இது என்ன ஞாயம் மக்கா?"

தம்பியிடம் பதில் இல்லை. அவன் மீது தப்பும் இல்லை. விலை போட்டது அவன் இல்லை. சித்தி பேக்கேஜுக்குத்தான் கையெழுத்துப் போட்டார். படிவத்தில் 'சந்தாதாரர் விரும்பித் தேர்ந்தெடுத்தது' என்ற கணக்கில் அது ஏறியிருக்கும். விரும்பித்தான் தேர்ந்தெடுத்தாரா? இந்த வாரம் நாம் யோசிக்க வேண்டியது இதைத்தான்.

முதலில், இப்படி ஆகும் என்று அரசாங்கத்துக்குத் தெரியாதா என்ன? தெரியும். 2017-ல் ட்ராய் கொண்டுவந்த ஆணையிலேயே அதற்கு ஒரு பூட்டு இருந்தது. தனித்தனி விலைகளைக் கூட்டினால் வரும் தொகையைவிடத் தொகுப்பின் விலை 15 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது என்பதுதான் அந்தப் பூட்டு. சேனல் நிறுவனங்கள் வழக்குப் போட்டன. வழக்கு நடந்தது நம்ம சென்னை உயர் நீதிமன்றத்தில். 2018-ல் வந்த தீர்ப்பு ஆணையை ஏற்றது. அந்த 15 சதவீத வரம்பை மட்டும் தன்னிச்சையானது என்று தள்ளியது. அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் ஆணையை உறுதி செய்தது. ஆக, வீடு வந்து சேர்ந்தது, பூட்டு வரவில்லை!

அப்புறம் என்ன? தொகுப்பில் சேர்க்க வேண்டிய சேனலின் தனி விலை 19 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. முன்னணி சேனல்கள் பல, சொல்லிவைத்தாற்போல் சரியாக 19 ரூபாயில் வந்து நின்றன. தொகுப்புகளுக்கோ 70 சதவீதம் வரை தள்ளுபடி தருகிறார்கள் என்று ட்ராயே 2019-ல் சொன்னது. 2020-ல் தள்ளுபடிக்கு 33 சதவீதம் என்று வரம்பு போட்டார்கள். மறுபடி வழக்குகள். 2022 நவம்பரில் அது 45 சதவீதமாக ஆனது. இத்தனை வருஷ இழுபறியும் எதைப் பற்றி? சித்தி கேட்ட அதே கேள்வியைப் பற்றித்தான்.

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சேர்த்து விற்பதே பாவம் என்று சொல்ல எனக்கு யோக்யதை கிடையாது. நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்தப் பத்திரிகையே ஒரு கூறுதான்! நீங்கள் ஜோக்குக்காக வாங்கியிருப்பீர்கள், இல்லை தொடர்கதைக்காக வாங்கியிருப்பீர்கள். கூடவே நானும் வந்துவிட்டேன். பக்கம் பக்கமாகப் பிய்த்து விற்றால் என் பக்கம் எத்தனை பிரதி போகும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. நன்றாக விற்கும் பக்கம், விற்காத பக்கத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிறது. கவிதையும் கட்டுரையும் பிழைத்துக் கிடப்பது இந்த ஏற்பாட்டால்தான்.

பொருளாதாரத்தில் நோபல் பரிசு வாங்கிய ஜார்ஜ் ஸ்டிக்லர், சினிமா கம்பெனிகள் நல்ல படத்தோடு சுமாரான படத்தையும் வாங்குகிறவர்களின் தலையில் கட்டுவதைப் பற்றி 1963-ல் எழுதினார். அவருடைய கணக்கை நம் வீட்டுக்குக் கொண்டு வருவோம். அப்பாவுக்கு கிரிக்கெட் சேனல் 20 ரூபாய் பெறும், சினிமா சேனல் 5 ரூபாய்தான் பெறும். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு நேர்மாறு. தனித்தனியாக 20 ரூபாய் வைத்தால் ஆளுக்கு ஒன்று வாங்குவார்கள், வியாபாரிக்கு 40. இரண்டையும் கட்டி 25 ரூபாய் என்றால் இருவருமே வாங்குவார்கள், அவருக்கு 50. வாங்கியவர்களுக்கும் இரண்டு சேனல். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. வாஸ்தவம்தான்.

ஆனால் இந்தக் கணக்கில் மூன்றாவதாக ஓர் ஆள் இல்லை. கையில் 20 ரூபாய்தான் இருக்கிறது, வேண்டியதும் ஒன்றுதான் என்று நிற்கிற ஆள். கட்டின் விலை 25 ஆனவுடன் அவர் கணக்கிலிருந்தே காணாமல் போய்விடுகிறார்.

சித்தியின் பேரன் (அந்தக் கார்ட்டூன் பையன் இல்லை, மூத்தவன்) நாகர்கோவிலில் இன்ஜினீயரிங் படிக்கிறான். லீவு நாளில் நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஏதோ பகடை உருட்டிக்கொண்டிருந்தார்கள். தாயமா என்று எட்டிப் பார்த்தால், பகடைக்கு இருபது முகம்! 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்று பெயர். 1974-ல் அமெரிக்காவில் வந்த விளையாட்டு. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் வீரனாக, திருடனாக, மந்திரவாதியாக நுழைவார்கள். கத்தி வீசியது பட்டதா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். இதற்கான விதிகள் தடித் தடிப் புத்தகங்களாக இருக்கின்றன. மேஜைக்கு ஒரு புத்தகம் இருந்தால் போதும். கை மாறிக்கொண்டே இருக்கும்.

இப்போது அந்தப் புத்தகங்கள் கம்ப்யூட்டரிலும் விற்கின்றன. 2017-ல் தொடங்கிய 'டி அண்ட் டி பியாண்ட்' என்ற கடை இதற்குப் பிரபலம். அதில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. முழுப் புத்தகம் சுமார் 30 டாலர், நம் காசுக்கு 2,500 ரூபாய் பக்கம். அவ்வளவு வேண்டாம், என் மந்திரவாதிக்கு வேண்டிய பகுதி மட்டும் போதும் என்றால் ஓரிரு டாலரில் அதை மட்டும் வாங்கலாம். சித்தி அயலை மட்டும் எடுத்த மாதிரி. விளையாட்டின் சொந்தக்கார நிறுவனமே 2022-ல் இந்தக் கடையையும் வாங்கியது. 2024-ல் உதிரி விற்பனை நின்றுபோனது. எடுத்தால் முழுக் கூறு, இல்லையென்றால் நடையைக் கட்டு!

அதே ஆண்டு ஆகஸ்டில் இன்னொன்றும் நடந்தது. விளையாட்டுக்குப் புது விதிகள் வரப்போகின்றன. அதனால் ஆட்டக்காரர்களின் பாத்திரத் தாள்களில் உள்ள பழைய மந்திரங்கள் இருந்த இடத்தில் புது மந்திரங்கள் வந்து உட்காரும் என்று அறிவித்தார்கள். காசு கொடுத்து வாங்கியவர்கள் கொதித்துவிட்டார்கள். சில நாட்களில் நிறுவனம் பின்வாங்கியது. சந்தோஷம். ஆனால் யோசித்துப் பாருங்கள். சித்தி வாங்கி வந்து குழம்பு வைத்த அயலையை மீன்காரம்மா ராத்திரி வந்து சட்டியிலிருந்து எடுத்துவிட்டு, வேறு மீனைப் போட்டுவிட்டுப் போக முடியுமா? 2009-ல் அமேசான் நிறுவனம், விற்பனை உரிமையில் சிக்கல் என்று சொல்லி, வாசகர்களின் கிண்டில் கருவியிலிருந்தே ஜார்ஜ் ஆர்வெலின் '1984' நாவலை அழித்தது. காசைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் முன்கூட்டி யாரையும் கேட்கவில்லை. இந்த மாதிரி விற்பனையில் நமக்குக் கிடைப்பது சொத்து அல்ல, அனுமதி மட்டுமே என்பதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று கலிஃபோர்னியாவில் ஒரு சட்டம் 2025 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது.

கேபிள், பகடை, கிண்டில்... மூன்றிலும் பிரச்னை ஒன்றேதான் என்று எனக்குத் தோன்றுகிறது. மனிதனுக்கு 'வேண்டும்' என்று சொல்லும் உரிமையை எல்லோரும் கொடுக்கிறார்கள். அதற்கு விளம்பரமே செய்கிறார்கள். 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமைதான் தகராறு. நேரடியாகத் தடுக்க மாட்டார்கள். அதற்கு ஒரு விலை வைத்துவிடுவார்கள், அவ்வளவுதான்.

எல்லாம் எடுத்துக்கொள்கிறவருக்குக் கொஞ்சம் குறைத்துத் தருவது தள்ளுபடி. நல்ல விஷயம். ஆனால் தொகுப்பு மலிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே தனி விலையை ஏற்றி வைத்தால் அது தள்ளுபடி இல்லை. 'வேண்டாம்' என்றவருக்குப் போட்ட அபராதம். ரசீதில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். இரண்டையும் பிரித்தறிய சித்தியின் தராசு போதும்: ஒன்றை எடுத்து வெளியே வைத்தால் விலை இறங்குகிறதா, ஏறுகிறதா?

குளச்சலுக்கு இது புதிய வழக்கும் அல்ல. 1741-ல் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியை இங்கேதான் தோற்கடித்தது. அதன் நினைவாக வெற்றித் தூண் இன்றும் நிற்கிறது. சண்டைக்கு அடியில் இருந்தது மிளகு. மிளகை எங்களுக்கு மட்டும், பேசிவைத்த விலைக்கு மட்டும் கொடுக்க வேண்டும் என்று கம்பெனி இந்தக் கரையின் சிற்றரசர்களிடம் ஒப்பந்தம் எழுதி வாங்கியிருந்தது. கம்பெனி தோற்றது. மிளகுக்கொடி வளர்த்த விவசாயி ஜெயித்தாரா? அதுதான் இல்லை. பிறகு திருவிதாங்கூர் அரசே மிளகைத் தன் ஏகபோகம் ஆக்கிக்கொண்டது. வாங்குகிறவர் மாறினார், 'உனக்குத் தர மாட்டேன்' என்று சொல்லும் வழி விவசாயிக்குக் கிடைக்கவில்லை. ஆள் மாறினால் போதாது, வழி திறக்க வேண்டும்.

கம்பெனிகளைத் திட்டிவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நம்மில் பலர் விற்கிறவர்களும்தான். கல்யாண மண்டபம் வேண்டுமென்றால் எங்கள் சமையல்காரரைத்தான் வைக்க வேண்டும் என்கிறோம். சீட் வேண்டுமென்றால் நோட்டும் யூனிஃபார்மும் இங்கேதான் வாங்க வேண்டும் என்கிறோம். "யாரையும் கட்டாயப்படுத்தலையே, இஷ்டம் இருந்தா வாங்கட்டும்" என்ற சமாதானமும் கைவசம் இருக்கிறது. எதிரே நிற்பவருக்கு 'இதை மட்டும் வேண்டாம்' என்று சொல்ல நியாயமான ஒரு வழியை வைத்திருக்கிறோமா? இல்லையென்றால் அவருடைய இஷ்டத்தைப் பற்றிப் பேச நமக்கு உரிமை இல்லை.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. சித்தியின் மகன் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவன். மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில் நிற்கும், வீட்டில் வரவும் நிற்கும். அந்த இரண்டு மாதமும் சித்தி கேபிளையே நிறுத்திவிடுவார். மூன்று சேனலுக்கு மட்டும் சல்லிசாகக் கட்ட வழி இருந்தால் கட்டியிருப்பார். வழி இல்லாததால் எல்லாமே போனது. அந்த சீரியலும், பேரனின் கார்ட்டூனும். வசதி இருப்பவர் வேண்டாததையும் சேர்த்து வாங்கி ஓரமாகப் போட்டுவிடுவார். இல்லாதவர் வேண்டாததைத் தள்ளுவதற்காக வேண்டியதையும் இழக்கிறார்.

"போரடிக்கலியா சித்தி?" என்று கேட்டேன்.

"ஆகஸ்டுல போடுவேன் மக்கா. அதுக்குள்ள கதை எங்கயோ போயிருக்கும்" என்றார்.