காவலிற் பட்டாரைப் போற்றுதல்

சைவ வித்தியாசாலையொன்றிற் கற்பிக்கும் நண்பர் ஒருவர் அண்மையிலே எம்மிடம் ஒரு வினாவைக் கொணர்ந்தார். சரித்திர பாடத்திலே சரதியேலின் கதையைச் சொல்லி முடித்தவுடன் மாணாக்கன் ஒருவன் எழுந்து, "கள்ளனுடைய பெயர் எல்லாருக்குந் தெரிந்திருக்கின்றது, அவனைப் பிடிக்கப்போய் இறந்தவருடைய பெயர் என்ன?" என்று கேட்டானாம். ஆசிரியர் பெயரைச் சொல்லிவிட்டார். ஆயினும், அத்தகையாரைப் போற்றுதல் சைவப் பிள்ளைகளுக்குக் கடனாமோ, கடனாயின் அவரிடத்தே எதனைக் கண்டு போற்றுவது என்னும் ஐயம் அவருக்கு நீங்கவில்லை. அவ்வையம் எமக்கும் உரியதே. ஆதலின் அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

உதுவன்கந்தை என்னும் மலை, கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் பெருவழியிலே மாவனல்லைக்கு அணித்தாய் உள்ளது. கண்டிக்குப் புகையிரதம் 1867-ம் ஆண்டிலேயே வந்தது. அதற்கு முன் கோப்பியும் அரிசியும் பிற பண்டங்களும் எருத்து வண்டிகளில் ஏறி அவ்வழியாகவே சென்றன. அம்மலையை அரணாகக் கொண்டு, சரதியேல் என்பவனும் அவன் கூட்டத்தாரும் வழிப்போக்கரையும் வண்டிகளையும் மறித்துக் கொள்ளையிட்டு வந்தனர். 1864-ம் ஆண்டு மார்ச்சு மாதம் 21-ந் திகதி அவனைப் பிடிக்கச் சென்றவர்களுள், சபான் என்னும் பொலிசுக் கொன்ஸ்தாபிள், சரதியேலின் தோழனாகிய மம்மலே மரிக்காரால் வெடிபட்டு இறந்தார். சரதியேலும் மரிக்காரும் உயிருடன் பிடிக்கப்பட்டு, நியாயத்தலத்தில் விசாரிக்கப்பட்டு, அவ்வாண்டு மே மாதம் 7-ந் திகதி கண்டியிலே தூக்கிலிடப்பட்டனர். நாவலரவர்கள் சிதம்பரத்திலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்த ஆண்டும் அதுவே என்பதை நினைத்துக்கொண்டால், அக்காலம் நமக்கு எத்துணை அணித்து என்பது விளங்கும்.

சபான் மலாய் வகுப்பினர், இஸ்லாம் சமயத்தவர். அவர் இறந்த மறு ஆண்டிலேதான் 1865-ம் ஆண்டின் 16-ம் இலக்கப் பொலிசுச் சட்டம் பிறந்தது. அதற்கு அடுத்த ஆண்டிலே காம்பெல் துரை தலைமையேற்று அப்படையைத் திருத்தி அமைத்தார். கடமையில் உயிர் துறந்த தம்மவருள் முதல்வர் சபானே எனக் கொண்டு, இலங்கைப் பொலிசார் ஆண்டுதோறும் மார்ச்சு 21-ந் திகதியைத் தம் வீரர் தினமாக அனுட்டித்து வருகின்றனர். ஆனால் ஊரார் வாயிலே வழங்குவது சரதியேலின் பெயரே. செல்வரிடம் பறித்து எளியார்க்கு ஈந்தவன் என்று அவனைக் கதைகள் புகழ்கின்றன. இன்று அம்மலையடியிலே அவன் பெயரால் ஒரு கிராமத்தைக் காட்சிக்கு அமைத்து வைத்திருக்கின்றனர்.

இதனைக் கண்டு சனங்களை வெறுமனே இகழ்தல் முறையன்று. 1840-ம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்தினாலே, தலைமுறை தலைமுறையாய்த் தாம் ஆண்டு வந்த காடும் சேனையும் அரசினருடையவாகிக் கோப்பித் தோட்டங்களாக மாறுதலைக் கண்டிநாட்டுக் குடிகள் கண்டனர். அவர்களுக்கு அரசு என்பது பறிப்பவன் கை. அக்கையிலுள்ள கோலாகவே பொலிசுக்காரன் தோன்றினான். பறித்தவனைப் பறிப்பவன் ஒருவன் எழுந்தபோது அவன்மேல் அன்பு பிறந்தது வியப்பன்று. ஆயினும் வண்டியோட்டி செல்வனல்லன். மூடை போனால் அவன் முதலாளிக்கு விடை சொல்ல வேண்டும். எருது போனால் அவன் பிழைப்பே போயிற்று. கதை சொல்லுவோர் அவனை மறந்துவிடுகின்றனர்.

இனி, இறந்தாரிடத்தே நாம் போற்றுவது யாது? வீரத்தையோ எனின், அது கள்ளனிடத்தும் உண்டு. சரதியேலுக்குத் துணிவில்லை என்று எவருஞ் சொல்லார். மரணத்தையோ எனின், தூக்குமரத்திலே அவனும் இறந்தான். உடுப்பையும் பதவியையுமோ எனின், அவற்றை அணிந்து கொண்டே இலஞ்சம் வாங்குவோரையும், பிடிபட்டவனை அடித்து வாக்குமூலம் எழுதுவிப்போரையும் நாம் அறிவோம். வீரமும் மரணமும் பதவியும் இவ்வாறு கழிந்தபின் எஞ்சி நிற்பது ஒன்றுண்டு. தனக்கு உறவல்லாத ஒருவனுடைய பொருளின் பொருட்டும் உயிரின் பொருட்டும் ஒருவன் நடுவே போய் நின்றான் என்பதே அது. சபான் காக்கச் சென்ற மூடைகளில் ஒரு பிடி அரிசியும் அவருடையதன்று.

"அவர் சம்பளம் வாங்கினாரே, வாங்கிய சம்பளத்துக்கு வேலை செய்தார், இதில் மெச்சுதற்கு என்ன உண்டு?" என்பாரும் உளர். ஆசிரியர்களாகிய நீவிர் இவ்வினாவை இலேசாக விடலாகாது. ஏனெனில் இது நும்மையும் நோக்கியே வருகின்றது. நாவலரவர்கள் தமது ஆசிரியத் தொழிலுக்கு வந்த வேதனத்தைத் துறந்து சைவப்பணி செய்தார். நம்மிற் பெரும்பாலார் மாதக் கடைசியை எண்ணிக்கொண்டே பணி செய்கின்றோம். ஆயினும் வாங்கும் வேதனம் மணிக்கணக்குக்கு உரியது. மாணாக்கன்மேல் வைத்த அன்புக்கு அது விலையாகாது. அவ்வாறே கொன்ஸ்தாபிள் பெறும் கூலி நடைக்கும் விழிப்புக்கும் உரியது. துப்பாக்கி நீட்டப்பட்ட வாயிலிலே பின்வாங்காது நின்ற அந்த ஒரு கணத்துக்கு எந்த அரசும் விலை இட்டதில்லை, இடவும் இயலாது. தமிழர் இதனைச் செஞ்சோற்றுக்கடன் என்பர். கடன் என்று பெயர் சொல்லினும், உண்ட சோற்றின் அளவுக்கு மிஞ்சிய கடன் அது.

சைவருக்கு இது புதிய பொருளன்று. அர்த்தயாம பூசை முடிந்து திருக்கதவம் அடைத்தபின் திறவுகோலை வைரவர் சந்நிதியிலே வைக்கின்றோம். கண்ணப்பர் வேதமும் ஆகமமும் கற்றவரல்லர். வனவிலங்குகளால் இறைவனுக்குத் தீங்கு வருமோ என்று அஞ்சி, இரவு முழுவதுங் கண் துயிலாது வில்லேந்தி நின்ற காவலே அவர் செய்த முதற்பூசைகளுள் ஒன்று. தமிழ்நாட்டுத் தொல்வழக்கும் இதற்கு இயைந்தது. ஆநிரை மீட்டுப் பட்டவனுக்குக் கல் நடும் முறைகளைத் தொல்காப்பியம் வகுத்துக் கூறுகின்றது. திருவண்ணாமலைப் பக்கத்து எடுத்தனூரிலே, மகேந்திரவர்ம பல்லவனது ஆட்சியிலே எடுத்த நடுகல் ஒன்றிற் பட்ட வீரனுடன் அவனது நாயும் பொறிக்கப்பட்டுள்ளது. அந்நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் கல்வெட்டுச் சொல்கின்றது. ஏறக்குறைய 1,400 ஆண்டுகளின் முன் வாழ்ந்த அவ்வூரார், காவல் என்று கண்டவிடத்து நாயின் பெயரையும் விட்டுவிடவில்லை. நாமோ மனிதன் பெயரையே மறந்தோம்.

ஆயினும், காவலனைப் போற்றுதற்கு உரிய இலக்கணத்தை முற்றக் காட்டுவது மெய்ப்பொருள் நாயனார் சரித்திரமே என்பது எமது துணிபு. அச்சரித்திரத்தை நாம் நாயனாருக்காகவே படிக்கின்றோம், அது தக்கதே. இம்முறை தத்தனுக்காக ஒருகாற் படித்துப் பார்க்க.

திருக்கோவலூர் அரசரைப் போரில் வெல்ல மாட்டாத முத்தநாதன், மெய்யெல்லாம் நீறு பூசி, புத்தகக் கட்டினுள்ளே படையை மறைத்துக்கொண்டு வருகின்றான். வேடங் கண்ட வாயிலோர் வழிவிடுகின்றனர். கடைவாயிலிலே தத்தன் ஒருவனே தடுத்து, அரசர் துயில்கின்றார், சமயமறிந்து செல்லவேண்டும் என்கின்றான். அவன் தடையையுங் கடந்து முத்தநாதன் உட்புகுகின்றான். ஆகமம் உபதேசிப்பதாகச் சொல்லித் தேவியாரை அகலச் செய்து, வணங்கிய அரசரைக் குத்துகின்றான். அவனிடத்திலேயே கருத்தாய் இருந்த தத்தன் அக்கணமே வாளோடு பாய்கின்றான். வீழ்கின்ற அரசர் கையால் அவனைத் தடுத்து, இவர் நம்மவர் என்று கூறி, எவரும் இடையூறு செய்யாதபடி இவரைக் கொண்டுபோய் விடுக என்று கட்டளையிடுகின்றார்.

இதன்மேல் நிகழ்ந்ததை மெல்ல நினைத்துப் பார்த்தல் வேண்டும். தன் அரசனைக் கொன்றவனைத் தன் வாளாலேயே காத்து, தத்தன் தெருவிலே நடந்தான். செய்தியறிந்த நகரத்தார் நாற்புறமுந் திரண்டு கொலைஞனைக் கொல்லச் சூழ்ந்தனர். அவர்களுடைய கோபம் தத்தனுடைய கோபமுமாகும். அவன் உள்ளம் அவர்கள் பக்கத்தது. அவன் வாள்மட்டும் மறுபக்கத்தது. அரசன் ஆணையைச் சொல்லிச் சொல்லி அவர்களை விலக்கி, சனசஞ்சாரமில்லாத காட்டெல்லையிலே அவனை விட்டு மீண்டான். அதுவரையும் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்த அரசர், தீங்கின்றிப் போயினார் என்னுஞ் செய்தி கேட்டபின், அவன் செய்ததை வேறெவர் செய்ய வல்லார் என்று தத்தனைப் புகழ்ந்தார். வாயிலிலே தத்தனுடைய காவல் தவறிவிட்டது, அரசர் குத்துண்டார். அவன் புகழப்பட்டது தெருவிலே நின்ற காவலுக்காக.

இனி நம் நாட்டை நோக்குவாம். 1981-ம் ஆண்டு மே மாதம் 31-ந் திகதி, யாழ்ப்பாணத்திலே அரசியற் கூட்டமொன்றிற் காவலிருந்த பொலிசார் சுடப்பட்டு, இருவர் இறந்தனர். அவர்கள் காவலிற் பட்டவர்களே. அவர்களுக்கு ஒரு கண்ணீர் நம்மிடத்துங் கடனாயிருந்தது. அக்கண்ணீரை விடுதற்கு நமக்கு ஒரு பொழுதும் கிடைக்கவில்லை. அன்றிரவு முதற் சில நாட்களுக்கு, அவர்களோடு ஒரே உடுப்பு அணிந்தவர்களும் பிறரும் கடைகளை எரித்தனர், ஈழநாடு காரியாலயத்தை எரித்தனர், மனிதரைக் கொன்றனர், பொது நூல்நிலையத்தை ஏறக்குறைய 97,000 நூல்களோடும் ஏட்டுச் சுவடிகளோடும் சாம்பராக்கினர். இறந்த காவலர் இருவருக்கும் இதனின் மிக்க அவமதிப்பை அவர்களைச் சுட்டவனும் செய்யவில்லை என்போம். அவர்கள் காக்க நின்ற தெருவே அவர்கள் பெயரால் எரிந்தது. அவ்விரவிலே, விலகுங்கள் என்று சொல்லித் தன்னினத்தார் முன் வாளேந்தி நிற்பதற்கு ஒரு தத்தன் இல்லாது போயினான்.

மற்றொன்றையும் மறைத்தல் அறமாகாது. 1990-ம் ஆண்டு ஜூன் மாதத்திலே, கிழக்கு மாகாணத்திலே, மேலிடத்துக் கட்டளைப்படி படைக்கலம் வைத்துச் சரணடைந்த பொலிசார் 600-க்கு மேற்பட்டோர் தமிழீழ விடுதலைப் புலிகளாற் கொல்லப்பட்டனர் என்பர். படைக்கலம் வைத்தவனைக் கொல்லலாகாது என்பது நம் முன்னோர் அறிந்த போர்முறை. அக்கொலை நம் பெயராலேயே நிகழ்ந்தது. 1981-ஐ நினைந்து அழுகின்ற நாம், இதனை நினைக்கும்போது வாய் திறவாது இருந்துவிடுகின்றோம். நூல்நிலையத்துக்காக நாம் கேட்கும் நியாயத்தை அவர்களுடைய மனைவிமாரும் கேட்கின்றனர். அவர்கள் சிங்களத்திற் கேட்கினும் தமிழிற் கேட்கினும் கேள்வி ஒன்றே.

இறந்தவருடைய ஆன்மா தன் வினைக்கேற்பச் சென்றுவிட்டது. நாம் நடுங் கல்லும் ஊதும் எக்காளமும் அதற்கு ஒன்றையுங் கூட்டமாட்டா என்பது சித்தாந்தம். நாயன்மாரின் குருபூசையிலும் நாம் செய்வது யாது? அவர் பெயரைச் சொல்லி, அவர் சரித்திரத்தைப் படித்து, பசித்தவர்க்குச் சோறிடுகின்றோம். காவலிற் பட்டவனுக்கும் இம்மூன்றின்மேற் செய்யத்தக்கது ஒன்றையும் யாம் அறியேம். அவனுடைய மனைவிக்கு உபகாரச் சம்பளம் காலத்திலே கிடைக்கின்றதா, அவனுடைய பிள்ளை பள்ளிக்கு வருகின்றதா என்று விசாரிப்பார் இல்லாதவிடத்து, அணிவகுப்பும் மலர்வளையமும் வீணே. அணிவகுப்பைக் காணப் பெருங்கூட்டம் வருகின்றது. கந்தோர் வாயிலிலே அப்பெண் தனியாகவே நிற்கின்றாள்.

நண்பருடைய வகுப்புக்கு மீளுவாம். வடக்கிலோ கிழக்கிலோ ஒரு வகுப்பறையிலே, தந்தையைப் பொலிசு உடுப்பில் இழந்த பிள்ளையும், தந்தையைப் பொலிசார் கையில் இழந்த பிள்ளையும் ஒரே வாங்கில் இருத்தல் கூடும். ஆசிரியர் அதனை அறிந்திருக்கவும் கூடும், அறியாதிருக்கவும் கூடும். பொலிசாரெல்லாம் வீரர் என்று அவர் சொன்னால் ஒரு பிள்ளைக்குப் பொய் சொன்னவராவர். பொலிசாரெல்லாம் கொடியர் என்றால் மற்றப் பிள்ளைக்குப் பொய் சொன்னவராவர். சபானின் பெயரையும் திகதியையும் சொல்லி, அவர் யாருடைய மூடைக்காக நின்றார் என்பதைச் சொல்லி, அதன்பின் தத்தன் தெருவிலே நடந்த கதையைப் படிப்பித்தால் இரண்டு பிள்ளைகளும் தலை நிமிர்ந்து கேட்கலாம் என்று யாம் நண்பருக்குச் சொன்னோம்.

அவர் அவ்வாறே செய்தார். பாடம் முடிந்ததும், முன்பு வினாவிய மாணாக்கனே மீண்டும் எழுந்து, "அரசர் சிவபதம் அடைந்தார், தத்தன் பிறகு என்ன ஆனான்?" என்று கேட்டானாம். சேக்கிழார் அதனைச் சொல்லவில்லை என்று விடையிறுத்து, நண்பர் அம்மாணாக்கனைச் சபானின் பெயரைக் கரும்பலகையிலே எழுதச் சொன்னார்.