படிக்காசும் கோயிற் குளமும்



மழை பொய்த்துப் பஞ்சம் வந்த காலத்தில் அப்பர் பெருமானும் சம்பந்தப் பிள்ளையாரும் திருவீழிமிழலையில் தத்தம் திருமடங்களிலே அடியார்களுக்கு அமுதளித்தனர். அதற்கென இறைவன் நாள்தோறும் படிக்காசு அருளினான். பிள்ளையாரின் காசை வணிகர் வட்டம் கழித்தே மாற்றினர். அப்பரின் காசோ குறைவின்றி மாறியது. அவரது மடத்தில் முதலில் பந்தி நடந்தது. உழவாரம் பிடித்த கைத்தொண்டின் சிறப்பு அது என்று சேக்கிழார் பெருமான் காட்டுவார்.

இன்று 'காலநிலை நீதி' என்கிறார்கள். 2015ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கையின் முகவுரையிலும் இச்சொல் உண்டு. பொருள் எளிது. பூமியைச் சூடாக்கியவர் ஒருவர், துன்பப்படுபவர் வேறொருவர். இலங்கையர் ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் ஒரு தொன் காபனீரொட்சைட்டுத்தான் கணக்கு. உலகச் சராசரி அதன் நான்கு மடங்குக்கும் மேல். சூடேறிய கடலில் எழும் புயல் கூடுதல் மழையைக் கொட்டும். 2025 நவம்பரில் டித்வா சூறாவளியால் இந்நாட்டில் 600 பேருக்கு மேல் மாண்டனர். மலைச்சரிவில் வாழ்ந்த ஏழைகள் மண்ணோடு புதையுண்டனர்.

இந்தக் கணக்கு எமது ஊருக்குள்ளும் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கல்லுக்குள் இறங்கிய மழைநீர் உவர்நீரின் மேல் மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலேறும். பெரிய மோட்டர் வைத்திருப்பவர் இறைக்கிறார், பக்கத்துக் காணிக்காரரின் சிறு கிணறு உவர்க்கிறது. வெள்ளம் வந்தாலோ பள்ளக்காணிக் குடும்பங்களே பாயைச் சுருட்டிக்கொண்டு பாடசாலைக்குப் போகின்றன. (இதை எழுதியதற்குச் சிலர் என்னைக் கோபிக்கலாம். கோபிக்கட்டும்.)

எமது தொண்டர் சபையும் சனசமூக நிலையமும் மாதர் சங்கமும் வெள்ளம் வந்தபின் நிவாரணப் பொதி கொடுக்கின்றன. நல்லதுதான். ஆனால் வெளிவீதி முழுவதற்கும் சீமெந்துக்கல் பதிக்கலாம் என்ற யோசனை அடியேனுக்கு உடன்பாடில்லை. மழைநீர் இறங்குவதற்கு மணல் வேண்டும். பிரதட்டை செய்வோர் உடம்புக்கும் அதுவே சுகம். அந்தப் பணத்தில் முதலில் தூர்ந்துபோன கோயிற் குளத்தை ஆழமாக்கி, அடைபட்ட வாய்க்காலைத் திறக்க வேண்டும். எந்த வாய்க்கால் எந்த வீட்டுக்குள் பாய்கிறது என்பது பள்ளக்காணியாருக்குத் தெரிந்த அளவுக்குப் பரிபாலன சபைக்குத் தெரியாது. ஆதலால் தீர்மானிக்கும் கூட்டத்தில் அவர்களும் எம்மோடு சரிசமமாகக் கதிரையில் இருத்தல் வேண்டும். மண் சுமக்க மட்டும் அழைப்பது முறையல்ல.

வெளிநாட்டு அன்பர்கள் பணம் அனுப்பச் சித்தமாயுள்ளனர். மண்வெட்டி பிடிக்க ஆட்கள் இங்கேதான் வேண்டும். மகோற்சவம் நிறைவுற்ற பின், ஐப்பசி மழைக்கு முன்னர், ஞாயிறுதோறும் காலைப் பூசை முடிந்ததும் சிரமதானம் நடைபெறும். கடகமும் மண்வெட்டியும் உள்ளவர்கள் கொண்டுவரவும்.