திக்கித் திக்கி ஓதும் நாவு

கோம்பையில் ஒரு வீட்டிற்கு நோய் விசாரிக்கச் சென்றிருந்தோம். அவ்வீட்டுப் பெரியவருக்கு மூளையின் இடப்பக்கத்தில் கட்டி உண்டாகி, அறுவைச் சிகிச்சை நடந்து மூன்று மாதங்கள் ஆகியிருந்தன. வலக்கை தளர்ந்திருந்தது. தண்ணீர் வேண்டுமென்று கேட்கச் சொல் வரவில்லை. செம்பைக் கையால் காட்டினார். மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் பள்ளிக்குப் புறப்பட எழுந்தோம். அவரோ உட்கார்ந்தபடியே தக்பீர் கட்டி, அல்ஹம்து சூராவை ராகத்தோடு ஓதத் தொடங்கினார். இரண்டு இடங்களில் திக்கினார். ஆனாலும் ஓதி முடித்தார்.

வாசலில் உறவினர் ஒருவர், “தண்ணீர் கேட்க வராத வாய்க்கு இது மட்டும் எப்படி வருகிறது? பாசாங்கு செய்கிறாரோ?” என்றார். அது மகளின் காதில் விழுந்து, அந்தப் பெண் கண் கலங்கினார்.

இது ஒரு நோயாளியின் மானத்தைத் தொடும் கேள்வி. ஆகவே இதற்குத் தெளிவு காண்பது நம் கடமையாகும்.

மூளை இரு பாதிகளாக அமைந்திருக்கிறது. இடப்பாதி உடலின் வலப்பக்கத்தை இயக்குகிறது. வலக்கைப் பழக்கமுள்ளவர்களில் 100க்கு 90 பேருக்கு மேல் பேச்சும் இடப்பாதியையே சார்ந்துள்ளது. பேச்சிழந்த ஒருவரின் மூளையில் இடப்பாதியின் முன்பகுதி பழுதாகியிருந்ததை பாரிஸ் மருத்துவர் பால் புரோக்கா 1861ல் எடுத்துக் காட்டினார். இடப்பாதி பழுதானால் வலப்பாதி அவ்வேலையைக் கற்றுக்கொள்ளக்கூடும் என்று 1865ல் எழுதியவரும் அவரே.

புதிதாக ஒரு வாக்கியம் அமைத்துப் பேசுவது வேறு. சிறு வயது முதல் ஓதி ஊறிப்போனதை ஓதுவது வேறு. ராகத்தில் வலப்பாதிக்குப் பெரும் பங்குண்டு. பேச முடியாத பலர் பாட வல்லவராயிருப்பது மருத்துவர் அறிந்த செய்தி. ராகமிட்டுச் சொற்களைப் பழக்கும் சிகிச்சை முறை ஒன்றை அமெரிக்க ஆய்வாளர்கள் 1973ல் வெளியிட்டார்கள். ஆகவே பெரியவர் செய்தது பாசாங்கல்ல.

கம்பம் பள்ளத்தாக்கின் விவசாயிக்கு இது எளிதில் விளங்கும். வாய்க்கால் ஓர் இரவில் உடைந்தால் வயல் காய்கிறது. சிறுகச் சிறுக மண் மேவினால் நீர் பக்கத்தில் வழி தேடிக்கொள்கிறது. அதுபோல, மெல்ல வளரும் கட்டியில், சுற்றியுள்ள பகுதிகளும் மறுபாதியும் வேலையை ஏற்றுக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது. திடீரென வரும் பக்கவாதத்தில் அந்த அவகாசமில்லை. எனினும் இழந்தது எல்லாம் திரும்பி வந்துவிடும் என்பதில்லை. இந்த ஈடுகட்டலே நோயை நெடுநாள் மறைத்தும் வைக்கும். எனவே வலிப்பு, ஓயாத தலைவலி, சொல் தடுமாற்றம் கண்டால், ஓதிப் பார்ப்பதோடு நின்றுவிடாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

“நாவு பழக்கத்தால் ஓதினால் அது தொழுகையாகுமா?” என்றும் சிலர் கேட்கலாம். நிய்யத்தின் இடம் உள்ளம். பாங்கைக் கேட்டு அவரைத் தக்பீர் கட்டச் செய்தது நாவல்லவே! நிற்க இயலாதவர் உட்கார்ந்தும், அதுவும் இயலாதவர் படுத்தும் தொழ மார்க்கம் இடமளித்திருக்கிறது. சிரமத்தோடு திக்கித் திக்கிக் குர்ஆன் ஓதுபவருக்கு இரண்டு கூலி உண்டென்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நன்மாராயம் கூறியிருக்கிறார்கள்.

பழுதுபட்ட பாதியின் சுமையில் தன்னாலானதை மறுபாதி ஏற்றுக்கொள்கிறது. ஒரே குடும்பத்தார் நாம், நோயுற்றவரைச் சந்தேகித்து நிற்கலாமா? அவர் சொல்லைத் தேடும்போது அவசரப்படுத்தாமல் காத்திருப்போம். அந்தப் பொறுமையை அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.