பிரம்மனுக்கு விழுந்த குட்டு எனக்கும் விழுந்தது

ஓம் சரவணபவ!

இந்த வாரம் விரத முறையோ கோயில் வரலாறோ எழுதலை. ரோட்டுல நடந்த ஒரு விஷயத்தை எழுதுறேன். அதுல ஒரு கேள்வி இருக்கு. ஒரு மாசமா அது என்னை விடலை.

போன கிருத்திகைக்கு லீவு போட்டுட்டு ராஜபாளையம் வந்திருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர்ல அத்தை வீடு. அத்தையைப் பார்த்துட்டு, பக்கத்துல இருக்கிற முருகன் கோயில்ல சாயங்கால அபிஷேகமும் பார்த்துட்டு வரலாம்னு அப்பாவைப் பின்னாடி உட்கார வச்சு பைக்ல கிளம்பினேன். திருமங்கலத்துல இருந்து கொல்லம் போற நெடுஞ்சாலைதான். ரெண்டு ஊருக்கும் நடுவுல பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும், அவ்வளவுதான். நான் ஹெல்மெட் போட்டிருந்தேன். அப்பா போடலை. "பக்கத்து ஊருக்கு எதுக்குப்பா?"ன்னார். நானும் விட்டுட்டேன்.

வழியில ஓரமா ஒரு லாரி நின்னுச்சு. அதுக்குப் பின்னாடி இருந்து ஒரு போலீஸ்காரர் சட்டுனு ரோட்டுக்கு வந்து கையைக் காட்டினார். எந்த ஸ்டேஷன், யாருங்கிறது இங்க தேவையில்லை. எனக்கு முன்னாடி கட்சிக் கொடி கட்டின ஒரு கார் பறந்து போச்சு. அதை அவர் திரும்பிக்கூட பார்க்கலை. என்னையும், எனக்குப் பின்னாடி தேங்காய் மூட்டையோட டிவிஎஸ் எக்ஸெல்ல வந்த ஒரு பெரியவரையும் ஓரங்கட்டச் சொன்னார்.

"தம்பி, பின்னாடி ஹெல்மெட் இல்ல. எழுபதுல வேற வர்ற. ரெண்டாயிரம் ஆகும். ஐந்நூறு குடுத்துட்டுப் போ."

எனக்குச் சுர்ருனு ஏறிச்சு. "எழுபதுன்னு எதை வச்சுச் சொல்றீங்க? ஸ்பீட் கன் எங்க? ரீடிங் காட்டுங்க"ன்னு கேட்டேன். "ஒரிஜினல் லைசென்ஸ் எங்க?"ன்னார். டிஜிலாக்கர்ல காட்டி, இது சட்டப்படி செல்லும்னு சொன்னேன். "இ-சலான் போடுங்க, கட்டுறேன். ரசீது இல்லாம ஒரு ரூபா தர மாட்டேன்"னேன். பாதி தமிழ், பாதி இங்கிலீஷ். போனை வீடியோ எடுக்கிற மாதிரி தூக்கிப் பிடிச்சேன். கடைசியா, தேவையே இல்லாம ஒண்ணு சொன்னேன்: "எங்க சித்தப்பா மதுரை ஐகோர்ட்ல வக்கீல்."

அதுவரைக்கும் 'தம்பி'யா இருந்த நான் 'சார்' ஆயிட்டேன். "சரி சார், கிளம்புங்க. அப்பாவுக்கு ஒரு ஹெல்மெட் வாங்கிக் குடுங்க"ன்னார். நக்கல் பண்றார்னு நினைச்சுக்கிட்டு வண்டியை எடுத்தேன். கண்ணாடில பார்த்தா, அந்தப் பெரியவர் "அய்யா, அய்யா"ன்னு கும்பிட்டுக்கிட்டே சட்டைப் பையில இருந்து மடிச்ச நோட்டுகளை எடுத்துக் கொடுக்கிறார். அவர் வண்டி மட்கார்டுல 'முருகன் துணை'ன்னு ஸ்டிக்கர். என் வண்டியிலயும் அதே ஸ்டிக்கர். போலீஸ்காரர் நெத்தியிலயும் திருநீறு இருந்துச்சு.

கொஞ்ச தூரம் எனக்கு ஒரே பெருமை. முருகன் பிரம்மாவை நிறுத்திக் கேள்வி கேட்ட கதை நம்ம எல்லாருக்கும் தெரியும். கயிலாயத்துல சிவபெருமானைத் தரிசிக்க வந்த பிரம்மா, சின்னப் பிள்ளைதானேன்னு முருகனை மதிக்காம போனார். முருகன் அவரைக் கூப்பிட்டுப் பிரணவத்துக்குப் பொருள் கேட்டார். படைக்கிற வேலையில இருக்கிறவருக்கு அது தெரியலை. தலையில குட்டு விழுந்துச்சு, சிறைக்கும் போனார். 'பதவி இருந்தா போதாது, அந்தப் பதவிக்குப் பொருள் தெரியணும்'னு கேட்ட சாமியோட பிள்ளைடா நான்னு நினைச்சுக்கிட்டே வண்டி ஓட்டினேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் தெரிய ஆரம்பிச்சப்போ அப்பா பின்னாடி இருந்து கேட்டார்: "நீ தப்பிச்சிட்ட தம்பி. அந்த எக்ஸெல்காரர்?"

என்கிட்ட பதில் இல்லை. அன்னைக்குச் சாயங்காலம் அபிஷேகம் நடக்கும்போது கண்ணை மூடினா, அந்த மடிச்ச நோட்டுதான் வந்துச்சு.

இப்போ கேள்விக்கு வர்றேன். தப்பு நம்ம மேல இருக்கு. நம்மளைப் பிடிச்சவர் மேலயும் தப்பு இருக்கு. அவர் தப்பு நம்ம தப்பைக் கழிச்சிடுமா?

முதல்ல அவர் பக்கத் தப்பைப் பார்ப்போம். நான் கேட்டது எதுவும் சட்டத்துக்கு வெளியில இல்லை. ஒரு ஆள் கண்ணால பார்த்து 'வேகமா வந்தான்'னு சொல்றதை மட்டும் வச்சுத் தண்டிக்க முடியாது, கருவியோட அளவு வேணும்னு மோட்டார் வாகனச் சட்டம் 183ஆம் பிரிவுலயே இருக்கு. கேமரா வச்சுக் கண்காணிக்கிற ரோட்டுல, அந்த இடம் வர்றதுக்கு முன்னாடியே எச்சரிக்கைப் பலகை வைக்கணும்னு 2021ல வந்த மத்திய விதி சொல்லுது. அதாவது பதுங்கி நின்னு பிடிக்கிறது நோக்கம் இல்லை. வேகத்தைக் குறைக்க வைக்கிறதுதான் நோக்கம்.

இதை நமக்குப் புதுசா யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சூரபத்மன் மேல போருக்குப் போறதுக்கு முன்னாடி முருகன் வீரபாகுத் தேவரைத் தூது அனுப்பினார். தேவர்களை விட்டுடு, திருந்திக்கோன்னு சொல்லி அனுப்பினார். வேல் கையில இருந்தும் முதல்ல போனது எச்சரிக்கைதான். தேவசேனாபதி அவர். யூனிஃபார்ம் போட்டவங்க எல்லாருக்கும் தலைவர் மாதிரி. அவரே மறைஞ்சிருந்து வேல் விடலை.

இன்னொரு பிரிவும் இருக்கு, 210பி. இந்தச் சட்டத்தை அமல்படுத்துற அதிகாரம் உள்ளவங்களே இதை மீறினா, அபராதம் ரெண்டு மடங்கு. 2019 திருத்தத்துல சேர்த்தாங்க. அதிகாரம் கூடினா பொறுப்பும் கூடும்னு சட்டமே ஒத்துக்குது.

இந்தப் பொருளை மறந்தா என்ன ஆகும்? 2024 மே மாசம் நாங்குநேரியில நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அரசு பஸ்ல யூனிஃபார்மோட ஏறின ஒரு காவலர், டிக்கெட் எடுக்க மாட்டேன்னு கண்டக்டர்கிட்ட வாக்குவாதம் பண்ணினார். வீடியோ ஊரெல்லாம் பரவுச்சு. அடுத்த சில நாள்ல பல ஊர்கள்ல டிராபிக் போலீஸ் அரசு பஸ்களுக்கு நோ பார்க்கிங், சீட் பெல்ட்டுன்னு வரிசையா அபராதம் போட்டாங்க. கடைசியில மேல இருக்கிறவங்க பேசி முடிச்சாங்க, காவலரும் கண்டக்டரும் கட்டிப்பிடிச்சு சமாதானம் ஆனாங்க. நல்லது. ஆனா அந்த பஸ்கள்ல சிலது உண்மையிலேயே விதியை மீறியிருக்கலாம். குற்றம் நிஜமா இருந்தும் அபராதத்துக்குக் காரணம் கோபமா இருந்தா, அதை நீதின்னு சொல்ல மனசு வரலை.

2018 மார்ச்ல திருச்சி துவாக்குடி பக்கம் ஹெல்மெட் சோதனையில நிக்காமப் போன தம்பதியை ஒரு இன்ஸ்பெக்டர் துரத்திப் போய் வண்டியை எட்டி உதைச்சார். கீழ விழுந்த அந்தப் பெண் இறந்துட்டாங்க. இன்ஸ்பெக்டர் கைதானார். உயிரைக் காக்கிறதுக்காக வந்த விதி, அதோட பொருள் தெரியாத கையில ஒரு உயிரை எடுத்துச்சு.

இது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்லை. அமெரிக்காவுல ஒஹையோ மாநிலத்துல நியூ ரோம்னு ஒரு குட்டி ஊர் இருந்துச்சு. சுமார் 60 பேர்தான். நெடுஞ்சாலையில வேக வரம்பு அந்த ஊர்ல திடீர்னு குறையும், அங்க போலீஸ் காத்திருக்கும். அபராதத்தை வச்சே ஊராட்சி நடந்துச்சு. 2004ல நீதிமன்றம் அந்த ஊராட்சியையே கலைச்சுடுச்சு. தப்பு நடந்தாதான் வருமானம்னு ஆயிட்டா, தப்பு குறையணும்னு அங்க யார் நினைப்பாங்க?

இதுவரைக்கும் எழுதும்போது எனக்கு நல்லாத்தான் இருக்கு. ஏன்னா இது எல்லாம் அவங்க தப்பு. இப்போ என் பக்கம்.

பின்னாடி உட்கார்றவங்களும் ஹெல்மெட் போடணும்னு 129ஆம் பிரிவு சொல்லுது. நம்ம மாநிலத்துல ஹெல்மெட் இல்லைன்னா 100 ரூபாயா இருந்த அபராதம், 2022 அக்டோபர்ல 1000 ஆச்சு. இது எனக்குத் தெரியும். போலீஸ்காரர்கிட்ட சட்டம் பேசத் தெரிஞ்ச எனக்கு, அந்தச் சட்டம் எதுக்காகன்னு அப்பா தலையைப் பார்க்கும்போது தோணலை. பிரம்மாவும் அப்படித்தானே? நாலு வேதமும் ஓதினவர்தான். அதோட முதல் எழுத்துக்குத்தான் பொருள் தெரியலை. ரோட்டுல நான் முருகன் பக்கம் நின்னதா நினைச்சேன். சன்னதியில நின்னு யோசிச்சப்போ, குட்டு வாங்க வேண்டிய தலை என்னோடதும்தான்னு புரிஞ்சுது.

இன்னொண்ணு இதைவிட உறுத்துது. நான் தப்பிச்சது நேர்மையாலயா? சலான் போடுங்கன்னு கேட்டது சரி. அங்கேயே நிறுத்தியிருந்தா 1000 கட்டியிருப்பேன், கணக்கு முடிஞ்சிருக்கும். இங்கிலீஷும் சித்தப்பா பேரும் சேர்ந்துதான் என்னை விட வச்சுது. கொடி கட்டின காருக்குக் கொடி. எனக்குச் சித்தப்பா. ரெண்டு பேருக்கும் சட்டம் வளைஞ்சுது. வளையாம நின்னது அந்தப் பெரியவருக்கு மட்டும்தான். அந்தப் போலீஸ்காரர் சொன்னதுல ஒரே ஒரு வாக்கியம் முழுசா நியாயமானது, 'அப்பாவுக்கு ஹெல்மெட் வாங்கிக் குடுங்க'ங்கிறது. அதைத்தான் நான் நக்கல்னு தள்ளினேன். பெத்த பிள்ளைகிட்ட உபதேசம் கேட்க சிவபெருமானே பணிஞ்சு நின்னார். எனக்குப் பிடிக்காதவர் வாயில இருந்து வந்ததால உண்மையைக் கேட்க எனக்கு மனசு வரலை.

இதை ஒரு நண்பன்கிட்ட சொன்னப்போ அவன் கேட்டான்: "அந்தப் பெரியவருக்கு ஆயிரம் ரூபாய்ங்கிறது கூலியில எத்தனை நாள்? கொஞ்சம் வாங்கிட்டு விட்டது ஒரு வகையில இரக்கம்தானே?" இதுக்கு எனக்கு உடனே பதில் வரலை. ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே அபராதம்னா அது சமமா வலிக்காது, அது உண்மைதான். ஆனா இரக்கம்னா 'இன்னொரு தடவை இப்படி வராதீங்க பெரியவரே'ன்னு சும்மா அனுப்பியிருக்கலாம். இரக்கத்துக்கு எதுக்கு விலை? அதுவும் அந்தப் பணம் அரசாங்கத்துக்குப் போகலை, பெரியவர் கையில ரசீதும் இல்லை, அடுத்த வாரம் அதே இடத்துல திரும்பவும் நிறுத்தினா கேட்க அவருக்கு ஒண்ணும் இல்லை. 2018 திருத்தத்துக்கு அப்புறம் லஞ்சம் குடுக்கிறதும் குற்றம். கட்டாயப்படுத்தி வாங்கினா ஏழு நாளுக்குள்ள புகார் சொன்னாதான் குடுத்தவர் தப்பிக்க முடியும். அந்தப் பெரியவருக்கு இதெல்லாம் யார் சொல்லுவா? பக்கத்துல நின்ன எனக்குத் தெரியும். நான் வண்டியை எடுத்துட்டுப் போயிட்டேன்.

அதனால என் பதில் இதுதான். அவர் கணக்கு வேற, என் கணக்கு வேற. ஒண்ணை வச்சு இன்னொண்ணைக் கழிக்க முடியாது. அவர் லஞ்சம் கேட்டதால அப்பா தலையில ஹெல்மெட் வந்துடலை. நான் தப்பு பண்ணினதால அவர் கேட்டது நியாயமும் ஆகலை. அதிகாரத்தைக் கேள்வி கேட்கலாம், கேட்கணும். ஆனா 'என் தப்புக்கு எனக்கு சலான் போடுங்க'ன்னு முதல்ல சொல்லிட்டுக் கேட்கணும். அப்புறம் 'அவருக்கும் ரசீது குடுங்க'ன்னு பக்கத்துல நிக்கிறவருக்காகவும் கேட்கணும். நமக்கு மட்டும் கேட்டு வாங்கிட்டு நகர்ந்தா, அது கொடி கட்டின கார் மாதிரிதான்.

வெயில்ல நாள் முழுக்க ரோட்டுல நிக்கிற காவலர்கள்ல ஒழுங்கா சலான் போடுறவங்களும் இருக்காங்க. அவங்களை ஒரு நல்ல வார்த்தை சொல்லாம கடந்து போறதும் நம்ம வழக்கமாயிடுச்சு. அதையும் மாத்திக்கணும்.

மறுநாள் காலையில அப்பாவுக்கு ஹெல்மெட் வாங்கினேன். "கழுத்து வலிக்குதுப்பா"ன்னு முணங்கிக்கிட்டே போட்டுக்கிட்டார். நான் கட்டாத 1000 ரூபாயை எங்க கட்டுறதுன்னு இன்னும் தெரியலை. உண்டியல்ல போட்டா தீருமான்னு ஒரு நிமிஷம் நினைச்சேன், போடலை. அது முருகனுக்குக் குடுக்க வேண்டிய பாக்கி இல்லை. ஊருக்கு வரும்போதெல்லாம் அந்த ரோட்டுல அந்த எக்ஸெல் வருதான்னு பார்க்கிறேன். இதுவரைக்கும் கண்ல படலை.

வேலும் மயிலும் துணை. நிதானமா ஓட்டுங்க, பின்னாடி உட்கார்றவங்களுக்கும் ஹெல்மெட் குடுங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!